விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்த படம்

எனக்குப் பேய்ப் படங்கள் பிடிக்காது. ரத்தத்தைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. ஆனால் என் தங்கை டெஸ்ஸாவுக்கு அக்டோபர் பிறந்துவிட்டால் தினம் ஒரு பேய்ப் படம் பார்த்தாக வேண்டும். அவளைப் போலவே வீட்டோடு அடைந்து கிடக்கும் நாலைந்து பேர், அவரவர் வீட்டில் கணினி முன் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் போட்டுவிட்டுச் சேர்ந்து கத்துவார்கள். மில்வாக்கியில் எங்கள் வீடு அந்த மாதம் முழுக்க அலறிக்கொண்டிருக்கும்.

அவளுக்குத் தசைகள் தளர்ந்துகொண்டே போகும் நோய். சக்கர நாற்காலி, தூங்கும்போது மூச்சுக்கு ஒரு இயந்திரம். கொரோனா வந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் முதல் வருடமே சொல்லிவிட்டார். ஊரே முகக்கவசத்தைக் கழற்றி எறிந்து எத்தனையோ காலமாகிறது. எங்கள் வீட்டில் மட்டும் அந்த முதல் வருடம் முடியவே இல்லை. பெரிய விசிறியைச் சுற்றி வடிகட்டிகளை ஒட்டிச் செய்த காற்றுப் பெட்டி ஒன்று அவள் அறையில் ஓயாமல் உறுமும். முகக்கவசம் இல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார வேண்டுமானால், மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் செய்து, தொற்று இல்லை என்று ஒற்றைக் கோடு விழுந்த கிட்டை அவளிடம் காட்ட வேண்டும். கூடப் பிறந்த அக்கா நான். நானும் காட்ட வேண்டும்.

கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. என் மகள் கல்யாணத்தில் மண்டபத்துக்கு வெளியே குளிரில் நின்று கேக் தின்றேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில், "கொள்ளைக்காரி வந்துட்டா, பணத்தை ஒளிச்சு வைங்க," என்று சிரிப்பார்கள். நானும் கவசத்துக்குள் சிரித்து வைப்பேன்.

அந்த அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை பொரித்த மீன் தின்னப் போனேன். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மீன் தின்னாதவர்கள் வெளியூர்க்காரர்கள். நெருக்கியடித்து உட்கார்ந்து, வாய்விட்டுப் பேசி, பக்கத்துத் தட்டிலும் கை வைத்தேன். முகக்கவசம் கைப்பைக்குள் கிடந்தது. அடுத்த வாரம் தொண்டை கரகரத்தது. டெஸ்ட் செய்தேன். இரண்டு கோடு.

நான் பதறவில்லை. யோசித்தேன். ஊரில் எல்லாருக்கும் வந்து போய்விட்டது. இவளுக்கும் ஒருமுறை வந்து போனால் பயம் தெளியும், என்னோடு மீன் தின்ன வருவாள் என்று தோன்றியது. அவள் நல்லதுக்குத்தான். முந்தைய நாள் ஒற்றைக் கோடு காட்டிய கிட் குப்பைக் கூடையில் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்துப் போய்க் காட்டினேன்.

"அட மார்லீன், மூஞ்சியைக் காட்டப் போறியா? அப்போ இன்னிக்கு ரெண்டு பேய்," என்றாள்.

படத்தில் சத்தமே இல்லாத காட்சிகள் நிறைய. "இந்த உறுமல்ல ஒண்ணும் கேக்கலை. விசிறியை நிறுத்தட்டுமா?" என்றேன்.

"டெஸ்ட் பண்ணிட்டல்ல, நிறுத்து."

சாக்லேட்டை உடைத்து உடைத்து ஊட்டினேன். பேய் வந்தபோது என் தோளில் சாய்ந்துகொண்டாள். இருவரும் சந்தோஷமாக இருந்தோம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு இருமினாள். ஹீட்டர் போட்டதால் காற்று வறண்டுவிட்டது என்றேன். தனக்கும் டெஸ்ட் செய்யச் சொன்னாள். அவள் மூக்கில் குச்சி விட்டேன்; காட்டியது அதே பழைய கிட்டைத்தான். அவள் தோழி ரமோனா கணினித் திரையிலிருந்து, "டெஸ், உன் மூச்சு நல்லால்ல. மார்லீன், டாக்டரைக் கூப்பிடு," என்றாள்.

"பேய்ப் படம் பார்த்தா மூச்சு வாங்கத்தானே செய்யும்," என்று சொல்லிக் கணினியை மூடினேன்.

ஆம்புலன்ஸை அனுப்பியது ரமோனாதான். தூக்கிக்கொண்டு போகும்போது டெஸ்ஸா என்னைப் பார்த்து, "தள்ளி நில்லு, உனக்கும் ஒட்டிக்கும்," என்றாள். மாதம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சோதனை போட்டபோது என் கைப்பையில் உங்கள் போலீஸ்காரர்கள் எடுத்த மாத்திரை அட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். கொரோனா மாத்திரைதான். இரண்டு கோடு விழுந்த அன்றே டாக்டருக்குப் போன் செய்து வாங்கினேன். முதல் வேளையைப் போட்டுக்கொண்ட பிறகுதான் அவள் அறைக்குள் போனேன். எனக்கும் ஐம்பத்தாறு ஆகிறது. இந்த வயதில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியுமா?