லேசான கியர்

— “மார்ச் பதினொன்று, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். கியரின் எல்லையை நிறுத்தும் திருகை வலமாகத் திருப்புவதற்குப் பதில் இடமாகத் திருப்பிவிட்டேன். செயின் கழன்று பல்சக்கரத்துக்கும் சக்கரக் கம்பிகளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போனாள்.”

— போதும்டா. நான் தள்ளிட்டுப் போனதெல்லாம் நோட்டுல ஏறணுமா?

— ஏறணும்க்கா. கோளாறு என் கையாலதான் ஆரம்பிச்சுது. அதை எழுதலைன்னா மத்தது எதுவும் பிடிபடாது.

— சரி, ப்ரொபசரே. கிளாஸுக்கு நேரமாகலையா? சாயங்காலம் ஆறாகப் போகுது.

— இன்னைக்கும் போகல.

— நாலாவது நாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில குனிஞ்ச தலை நிமிராம ஃப்ரேமுக்கு ஸ்க்ரூ மாட்டுறது, நீ வீட்டுல செயின் துடைக்கவா?

— இன்னொரு தடவை லேட்டா வந்தா வேற ஆளைப் போட்டுடுவேன்னு உங்க முதலாளி சொன்னாருல்ல?

— சொன்னாரு. பாலத்துல தள்ளிட்டு ஏறினா இருபது நிமிஷம். லேசான கியர் விழுந்துச்சுன்னா ஏழே நிமிஷம். ஆனா விழணுமே!

— அதுக்குத்தான் சீட்டை ஜன்னல் கம்பியில தூக்கிக் கட்டியிருக்கேன். பின் சக்கரம் தரையில படாது. அந்த டப்பாவுலேர்ந்து சின்ன ஸ்பேனர் குடு. இதுக்குள்ள எதுக்குக்கா ரெண்டு பூட்டு?

— வாசக்கதவுல இருந்தது. சாவி திரும்பவே மாட்டேங்குது, பூட்டு மக்கர் பண்ணுதுன்னு அப்பா மாத்த வச்சாரே, மறந்துட்டியா? ரெண்டும் நல்ல பூட்டு. தூக்கிப் போட மனசு வரல.

— மெதுவா பேசு. முழிச்சுட்டுதான் படுத்திருக்கார்.

— எழுந்து வந்து திட்டினா சந்தோஷம்தான். சாப்பாடு ஊட்டிட்டியா?

— ஊட்டிட்டேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. விழுங்கவே முடியல அவரால... சரி, கேளு. முதல்ல திருகு. மறுநாளே பழைய இடத்துக்குத் திருப்பிட்டேன். அடுத்தது செயின். மண்ணெண்ணெயில ஊறவச்சுக் கழுவி, ஸ்கேல் வச்சு அளந்தேன். இழுபட்டு நீளல. பல் தேய்மானம் இல்ல. கேபிள் புதுசு. பின்னாடி தொங்குற கியர் கை வளைஞ்சிருக்கான்னு நூல் பிடிச்சுப் பார்த்தேன். நேராதான் இருக்கு.

— அப்புறம் எதுக்குடா விழமாட்டேங்குது?

— அதான் குழப்பமா இருக்கு. இன்னைக்குக் காலைல நீ குளிக்கிறப்ப பாலத்துல ஒரு தடவை ஏறி இறங்கினேன். ஏழு கியரும் விழுது.

— உனக்கு விழும். அது உன் செல்லப் பிள்ளை. எனக்கு முரண்டு பிடிக்குது.

— இருக்கலாம். நான் எதையாவது கவனிக்காம விட்டிருப்பேன், எப்பவும் அப்படித்தான் பண்றேன். நீ ஹேண்டில்ல வலது பக்கம் இருக்கிற கியர் லீவரை அழுத்து. நான் பெடலைச் சுத்துறேன். என்ன ஆகுதுன்னு பார்ப்போம்.

— இப்பவா? அடுப்புல பால் வச்சிருக்கேன்.

— ஒரே ஒரு தடவை. ம், அழுத்து.

— அழுத்துறேனே.

— கேபிள் அசையவே இல்ல. பலமா.

— கையெல்லாம் எண்ணெய்டா. வழுக்குது.

— இந்தா துணி. துடைச்சுட்டு அழுத்து. உள்ளங்கையால இல்லக்கா, கட்டைவிரலால.

— அழுத்திட்டுத்தானே இருக்கேன்!

— அக்கா... இடது கைக் கட்டைவிரலால அழுத்து.

— எதுக்கு? அது இந்தப் பக்கம்...

— குறுக்கே கையை நீட்டி அழுத்து.

— ம்.

— விழுந்துடுச்சு. இன்னொரு தடவை. அதுவும் விழுந்துடுச்சு.

— கத்தாதே. அப்பாவுக்குக் கேட்கும்.

— நான் அந்தத் திருகைத் தொட்டதே, கியர் விழலைன்னு நீ சொன்னதாலதான். அப்போ கோளாறு என் தப்புக்கு முன்னாடியே இருந்துருக்கு. ஒன்பது நாளா இது எனக்குத் தோணவே இல்ல. எப்போலேர்ந்துக்கா?

— மழை விட்டதுலேர்ந்து. கடையில ஸ்க்ரூ கைநழுவிக் கைநழுவி விழுந்துச்சு. ஃப்ரேம் சரியில்லைன்னு திட்டினேன். அப்புறம் ஸ்க்ரூடிரைவரைத் திட்டினேன்.

— அப்பா பூட்டைத் திட்டின மாதிரி.

— அதே மாதிரிதான்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— நீ ஒவ்வொண்ணா ‘சரி’, ‘சரி’ன்னு எழுத எழுத எனக்கு அப்பா கைதான்டா ஞாபகம் வந்துச்சு. இது உன் தப்பாவே இருந்துடக் கூடாதான்னு இருந்துச்சு. தினம் நீ உன்னையே திட்டிக்கிட்டே. கேட்டும் வாயை மூடிட்டு இருந்தேன். தப்புதான்.

— இப்பவும் என் தப்பாவே இருந்தா நல்லா இருக்கும்க்கா. நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்.

— அப்பாவைப் பார்த்தவர்தானே? அவர் சொல்லப்போறது உனக்கும் எனக்கும் மனப்பாடம். போலாம், அடுத்த மாசம். இப்போ லீவு கேட்டா வேலை போயிடும்.

— அக்கா...

— அப்பாவுக்கு வலது கை போனதுக்கப்புறம் இடது கை போக எத்தனை மாசம் ஆச்சு?

— பதினாலு.

— உன் கோர்ஸ் முடிய?

— பதினெட்டு.

— சரி. அதை நோட்டுல எழுதாதே. ஹேண்டில்ல இடது பக்கம் ஏதாவது மாட்டியிருக்கா?

— இல்ல. முன்னாடி ஒரே பல்சக்கரம்தான். அந்தப் பக்கம் காலி.

— பால் பொங்குது, நான் போறேன். நீ இன்னைக்குத் தேதி போட்டு எழுது. எழுதினதைச் சத்தமா படி, அங்கேருந்தே கேட்கிறேன்.

— “மார்ச் இருபது, வியாழன். சைக்கிளில் எந்தக் கோளாறும் இல்லை. நாளைய வேலை: நீளமான கேபிள் ஒன்று வாங்கி, கியர் லீவரை இடது கைப்பக்கம் மாற்ற வேண்டும்.”