வெள்ளைக்கரட்டுத் தீயும் என் கையெழுத்தும்

நூலோடு நூல் சேர்ந்து துணியாகும் இந்த மண்ணிலே, தோளோடு தோள் சேர்ந்து திரண்டிருக்கும் என் தொழில் உலகச் சொந்தங்களே! இந்த விழாவுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கிற, சாய ஆலை உரிமையாளர் சங்கத்தின் தலைவர், நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து என்னை அறிந்த ஐயா பொன்னுச்சாமி அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடக்கூட நேரமில்லாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மதுரையையும் தேனியையும் விட்டு வந்து முதலிபாளையத்தைச் சொந்த ஊராக்கிக்கொண்ட தோழர்களே! நான் பேசுவது பாதி புரிந்தாலும் முழுதாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் வடநாட்டுத் தம்பிகளே! அனைவருக்கும் சட்டமன்ற உறுப்பினர் கலைமகளின் பணிவான வணக்கம்.

கை தட்ட வேண்டாமுங்க. இன்று நான் கைத்தட்டலுக்குப் பேச வரவில்லை.

ஐயா பொன்னுச்சாமி அவர்கள் ஒரு தீர்மானத்தை என் கையில் தந்திருக்கிறார். மடத்துக்குளத்துக்குத் தெற்கே, என் தொகுதியின் எல்லையில் இருக்கும் சின்னக்கரட்டு மலையைத் திறந்துவிட வேண்டும். கல் எடுக்க வேண்டும். மரம் எடுக்க வேண்டும். மேலே போகச் சாலை போட வேண்டும். நம் பாய்லர்களுக்கு விறகுப் பஞ்சம் தீர வேண்டும். இதுதான் தீர்மானம். இதை ஆதரித்து நான் பேச வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

பேசத் தெரியாதவளா நான்? இதே பேச்சை ஐந்தாண்டுகளுக்கு முன் சட்டமன்றத்திலே பேசியவள்தானே? அப்போது சின்னக்கரடு இல்லை. அதற்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்கரடு. என் கன்னிப்பேச்சு அது. எழுந்து நின்று சொன்னேன்: கல் சும்மா கிடக்கிறது, மரம் சும்மா கிடக்கிறது, மலையே சும்மா கிடக்கிறது, என் மக்கள் மட்டும் சும்மா இருக்க முடியாமல் விடிந்ததும் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார்கள் என்று. மேசையைத் தட்டினார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. மறுவருடம் மலைக்குச் சாலை வந்தது. நாடாவை வெட்டியதும் இந்தக் கைதான்.

சாலைக்காக மரம் வெட்டினார்கள். முறையான அனுமதியோடுதான் வெட்டினார்கள். அடிமரமெல்லாம் லாரி ஏறி நம் பாய்லர்களுக்கு வந்தது. கிளையும் தழையும் எங்கே போயின? சாலையின் இரண்டு பக்கமும் குவியல் குவியலாக ஒதுக்கிப் போட்டார்கள். ஒரு மாதத்தில் அள்ளிவிடுகிறோம் என்றார் ஒப்பந்தக்காரர். ஒரு மாதம் ஓர் ஆண்டானது. ஓர் ஆண்டு மூன்று ஆண்டானது. பச்சை பழுப்பானது, பழுப்பு சருகானது. அதன் மேல் உண்ணிச்செடி படர்ந்து அதுவும் காய்ந்தது.

இதை முதலில் கவனித்தவர் தவசி. உங்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். இதே தொழிற்பேட்டையில் பன்னிரண்டு வருடம் நிட்டிங் மிஷின் ஓட்டியவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்கியதால் வேலையை விட்டு, மனைவி சித்ராதேவியின் உறவினர்கள் இருந்த கரட்டடிப்புதூருக்குப் போய்விட்டார். வெள்ளைக்கரட்டின் அடிவாரத்து ஊர் அது. கோடைகாலத்தில் காட்டுக்குத் தீக்காவலராகத் தினக்கூலிக்குப் போவார். மலையில் புகை தெரிகிறதா என்று பார்ப்பதும், தெரிந்தால் தழையை ஒடித்துக்கொண்டு ஓடி அடிப்பதும் அவர் வேலை.

என் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தார். குவியல்களை அள்ள வேண்டும், சாலையின் இரண்டு பக்கமும் புல்லைச் செதுக்கித் தீ தாண்டாதபடி வெற்று நிலமாக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் வாங்கிப் படித்தேன். படித்துவிட்டு, குப்பைக்கு இவ்வளவு பெரிய மனுவா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"குப்பை இல்லைம்மா, அடுக்கி வச்ச வெறகு. நடுவுல ரோடு இருக்கு. தீப் பிடிச்சா அந்த ரோடு அடுப்பு மாதிரி ஆயிரும். உள்ள மாட்டுனவன் வெளிய வர மாட்டான்" என்றார்.

'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி அதே மனு, அதே வார்த்தை, அதே கையெழுத்து. கையெழுத்துப் போட்டதும் கடமை முடிந்தது என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் என் குற்றம் தொடங்குகிறது. அந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போனது, எந்த மேசையில் தங்கியது என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. அவர் மூன்றாவது முறை வரவில்லை.

போன பங்குனி. கரட்டடிப்புதூரில் தண்ணீர்த் தொட்டி திறப்பு விழா. முற்பகல் பதினொரு மணி. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்தபோது கூட்டத்தின் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் மலையைப் பார்த்தார்கள். வெள்ளைக்கரட்டின் இடுப்பிலே புகை.

யார் வைத்த தீ? சாலை வந்தபின் மலையில் திறந்த கல்குவாரியில் வெல்டிங் பொறி என்கிறார் ஒருவர். வழிப்போக்கன் எறிந்த பீடி என்கிறார் இன்னொருவர். இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லி யார் மீதும் பழி போட மாட்டேன். ஆனால் அந்தத் தீ எதைத் தின்று வளர்ந்தது என்று மட்டும் தெரியும்.

மலையில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். துடைப்பத்துக்குச் சீமாறுப் புல் அறுக்கக் காலையிலேயே ஏறியவர்கள். அவர்களோடு தவசி. ஊர் அலறியது. நான் காரில் ஏறி, மேலே போ என்றேன். வீரம் என்று நினைக்காதீர்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே, சட்டமன்ற உறுப்பினர் சும்மா நிற்கலாமா என்ற கூச்சம். அதுதான் என்னை ஏற்றியது. ஓட்டியவர் என் டிரைவர் அருண்பாண்டி.

முதல் வளைவு தாண்டும்வரை புகை மட்டும்தான். இரண்டாவது வளைவில் சத்தம் கேட்டது. தாய்மார்களே, நீங்கள் பாய்லர் பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள். அந்த இரைச்சலை அறிவீர்கள். அந்தப் பாய்லருக்குச் சுவர் இல்லை, மூடி இல்லை, நிறுத்த ஆள் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு குவியல் எரிந்து அடுத்த குவியலுக்குத் தாவியது. அது எரியுமுன்னே அதற்கடுத்தது புகைந்தது. நான் வெட்டிய நாடாவின் சாலை, நான் போட்ட கையெழுத்தின் சாலை, என் கண்ணெதிரே கொழுந்துவிட்டு எரிந்தது. கார்க் கண்ணாடியைத் தொட்டேன், விரல் சுட்டது. மூச்சு இழுத்தேன், வரவில்லை.

அப்போது புகைக்குள் ஓர் உருவம் தெரிந்தது. சாலையின் நடுவே எங்களை நோக்கி ஓடி வந்தது. சேலை கட்டிய உருவம். ஒரு கையை மேலே தூக்கியிருந்தது.

அருண்பாண்டி காரை நிறுத்தினார். "அக்கா, யாரோ வர்றாங்கக்கா" என்றார்.

நான் என்ன சொன்னேன்?

இதை நான் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட ஆறு மாதம் சொல்லவில்லை. "வண்டியத் திருப்பு" என்றேன். அவர் தயங்கினார். இரண்டாவது முறையும் சொன்னேன். திருப்பினார். கீழே இறங்கும்வரை நான் பின்னால் பார்க்கவில்லை. அந்தப் பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? பதவி மறந்துபோனது, பேச்சு மறந்துபோனது, மக்கள் மறந்துபோனார்கள். என் உயிர், என் உயிர், என் உயிர் என்ற ஒன்றே ஒன்றுதான் எனக்குள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

மேலே நடந்ததைப் பிறகு ராமாயி சொல்லித்தான் அறிந்தேன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் அவர். கீழிருந்து தீ ஏறி வருகிறது, ஓட இடமில்லை. தவசி தீப்பெட்டியை எடுத்து, அவர்கள் நின்ற இடத்துக்கு மேற்புறம் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார்.

"இந்தாளுக்குப் பித்துப் புடிச்சிருச்சுன்னுதானுங்க நெனச்சோம்" என்றார் ராமாயி.

பித்தா அது? பெரிய தீ வருமுன் சிறிய தீயால் புல்லை எரித்துவிட்டால், எரிந்த இடத்தில் பெரிய தீக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. அந்தக் கரிநிலத்தில் எல்லாரையும் குப்புறப் படுக்கச் சொன்னார். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் முந்தானையை நனைத்து முகத்தில் மூடச் சொன்னார். மண் கொதித்தது, முழங்கை வெந்தது, ஆனாலும் படுத்தார்கள். ஒருவர் மட்டும் படுக்கவில்லை. மயிலாத்தாள். தீ வைத்த மனிதரை நம்ப அவருக்கு மனம் வரவில்லை.

"ரோடு இருக்குதுல்ல, ரோட்டுக்குப் போனா வண்டி வரும்" என்று சொல்லிவிட்டு ஓடினாராம்.

தவசி எழுந்து அவரைப் பிடிக்கப் போனார். எட்டவில்லை. திரும்பி வருவதற்குள் இரண்டு கையும் வெந்துவிட்டது. பதினொரு பெண்களும் பிழைத்தார்கள். தவசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்றும் சோற்றைச் சித்ராதேவிதான் பிசைந்து ஊட்டுகிறார். மயிலாத்தாளை மாலையில் இரண்டாவது வளைவில் கண்டெடுத்தார்கள்.

வண்டி வரும் என்றுதானே ஓடினார்? வண்டி வந்ததே. வந்த வண்டி திரும்பிப் போனதே. நின்றிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா, நாங்களும் சேர்ந்து வெந்திருப்போமா? எனக்குத் தெரியாது. தெரியாமலே சாகப் போகிறேன் என்பதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

மயிலாத்தாளின் மகள் சுபஸ்ரீ இதே தொழிற்பேட்டையில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார். ஆறு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்.

"எங்கம்மா உங்க வண்டியப் பாத்துச்சுங்களாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். புகையில் தெரிந்திருக்காது கண்ணு என்று சொல்லியிருக்கலாம். பார்த்தார்கள் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பி வரவும் இல்லை. நான் வெளியே வந்து காரில் ஏறினேன். அவர் என்னை மன்னித்தார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. இந்த மேடையில் இதைச் சொல்லப்போகிறேன் என்று நேற்றுத் தகவல் அனுப்பினேன். சொல்லுங்க என்று மட்டும் பதில் வந்தது.

என்னங்க? பின்னாலிருந்து ஒரு ஐயா கேட்கிறார்: அப்போது பாய்லர் எதில் எரியும் என்கிறார். நியாயமான கேள்விங்க. உட்காருங்க, சொல்கிறேன். எங்கள் குடும்பத்துக்கும் ஒரு சாய ஆலை இருக்கிறது. பாய்லர் அணைந்தால் என் வீட்டு அடுப்பும் அணையும். மலையைத் தொடாதே, மரத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு ஏசி அறைக்குள் போகிறவள் இல்லை நான். மலையில் இருப்பது மக்களுக்குப் பயன்பட வேண்டும்; அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எடுக்கத் தெரிந்த நமக்கு, எடுத்த இடத்தைக் காக்கத் தெரிந்ததா? அடிமரத்துக்கு லாரி அனுப்பத் தெரிந்த நமக்கு, தழைக்கு ஒரு டிராக்டர் அனுப்பத் தெரிந்ததா?

மலையெங்கும் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. காட்டை நெரிப்பது அதுதான். தீயை வளர்ப்பதும் அதுதான். வனத்துறையின் அனுமதியோடு, கரட்டடிப்புதூர்ப் பெண்கள் கூலிக்கு அதை வெட்டட்டும். நீங்கள் அதை வாங்கிப் பாய்லரில் போடுங்கள். குவிந்து கிடக்கும் கிளையையும் தழையையும் முதலில் அள்ளி வந்து அதே பாய்லரில் எரியுங்கள். தீக்காவலருக்குக் கோடைக்கு மட்டும் அல்ல, ஆண்டு முழுவதும் வேலை கொடுக்க வேண்டும் என்று அரசிடம் நான் கேட்கிறேன். நீங்களும் என்னோடு சேர்ந்து கேளுங்கள். வெள்ளைக்கரடு சுத்தமாகட்டும். அதுவரை சின்னக்கரட்டில் ஒரு மண்வெட்டி இறங்கக்கூடாது.

ஐயா பொன்னுச்சாமி அவர்களே, மன்னியுங்கள். இந்தத் தீர்மானத்தை ஆதரிக்க மாட்டேன். அடுத்த தேர்தலில் இது என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சட்டமன்றத்திலும் எழுந்து நின்று, நான் முன்பு பேசியது பிழை என்று அவைக்குறிப்பில் ஏறும்படி சொல்வேன்.

நான் பயந்துபோயிருக்கிறேன், சொந்தங்களே. தலைவர்கள் மேடையில் பயத்தைச் சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன். இந்த வருடம் மழை குறைந்தது. புல் மாசியிலேயே வெளுத்துவிட்டது. காற்று தெற்கே திரும்பும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போய் மலையைப் பார்க்கிறேன். போன வாரம் அந்தச் சாலையில் நடந்தே ஏறினேன். எரியாமல் தப்பிய மேல்வளைவுகளில் குவியல்கள் இன்னும் கிடக்கின்றன. அதிகாரிகளிடம் அலைந்து, சண்டை போட்டு, ஒரு வருடத்தில் பாதியைத்தான் அள்ள முடிந்தது. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று குவியல் மிச்சம். இன்றும் அந்தப் பெண்கள் அந்தச் சாலை வழியாகத்தான் புல்லுக்குப் போகிறார்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு, கையில் அனுமதியோடு, ஒரே ஒரு டிராக்டரோடு அங்கே இருப்பேன். வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியோடு வாருங்கள். இல்லாதவர்கள் கையோடு வாருங்கள். பங்குனி பிறக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

கசப்பான பேச்சைக் கலையாமல் இருந்து கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. தாய்மார்கள் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கமுங்க.