முதல் கல்லை நம்பாதே

ஒரு நல்ல கல்லறைத் தோட்டத்துக்கு முதல் தேவை வண்டி நிறுத்த இடம். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வருடா வருடம் இருபது கார்களை ஊர் ஊராக அனுப்புகிறவனுக்கு அதுதான் பெரிய தலைவலி. நிழல் உண்டா, காவலாளி சண்டைக்காரனா, கல்லில் எழுத்து தேயாமல் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

என் தங்கை படியில் விழுந்து இறந்ததற்கு அவள் புருஷனை உட்கார வைத்து விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். காரில் இருந்தபடி மச்சான் அவளிடம் கத்தினார் என்று யாரோ சொன்னார்களாம். அவர் எல்லோரிடமும்தான் கத்துவார். பெட்ரோல் பங்கில் கத்துவார், வானொலியோடு கத்துவார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இந்த அளவுக்கு யோசிக்கிற ஆள் இல்லை அவர்.

எங்கள் மோட்டார் சங்கத்துப் போட்டி எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு காருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுப்போம். ஒருவர் ஓட்டுவார், பக்கத்தில் இருப்பவர் விடை கண்டுபிடிப்பார். கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் இறங்கி, கல்லில் பொறித்திருப்பதைப் படித்தால்தான் விடை கிடைக்கும். அந்த விடையை வைத்துத்தான் அடுத்த ஊர் எது என்று தெரியும். கூடவே ஒட்டிய கவர் ஒன்றும் உண்டு. அதில் எல்லா விடையும் எல்லா வழியும் வெளிப்படையாக எழுதியிருக்கும். பிரித்தால் பரிசு கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. முக்கால்வாசிப் பேர் இரண்டாவது ஊரிலேயே பிரித்துவிட்டு, வழியில் எங்காவது இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்விகளை நான்தான் தயாரிக்கிறேன். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வாரமெல்லாம் உயிரோடு இருப்பவர்களின் கண்ணைச் சோதிப்பேன், விடுமுறை நாளில் செத்தவர்களின் ஊருக்குப் போவேன். ஒரு போட்டி முடிந்த மறுவாரமே அடுத்ததற்கு அலைச்சல் தொடங்கிவிடும். நாய் துரத்தியிருக்கிறது. முள் குத்தி, கால் வீங்கி, ஒரு மாதம் கடையில் செருப்பில்லாமல் நின்றிருக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் சலித்துப்போய்விட்டது. எதில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எழுந்து பல் தேய்ப்பதிலிருந்தே சலிப்பு.

இத்தனை உழைப்பையும் என் தங்கை மதியத்துக்குள் முடித்துவிடுவாள். மச்சான் ஓட்டுவார், இவள் மடியில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கடலை கொறித்தபடி விடை சொல்வாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சின்ன வயதில் என் பின்னாலேயே திரிந்ததால் வந்த பெயர். ஒரே அறையில் வளர்ந்தோம். என் மூளை எந்தச் சந்தில் திரும்பும், எங்கே முட்டி நிற்கும் என்று அவளுக்கு அத்துப்படி. வருடம் தவறாமல் அவர்களுக்கே கோப்பை. கவரை அவள் ஒருமுறைகூடப் பிரித்ததில்லை.

போன வருடம் பரிசளிப்பு விருந்தில் எப்படி ஜெயிக்கிறாய் என்று அவளைக் கேட்டார்கள். எழுந்து நின்று சொன்னாள்.

"ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. அண்ணனோட கேள்வின்னா ஒரே ரகசியம்தான். முதல் கல்லை நம்பக் கூடாது. அது நம்மள ஏமாத்த வச்சது. அதுக்குப் பின்னாடி, இல்ல கீழ, எங்கயாவது ரெண்டாவது கல்லு ஒண்ணு இருக்கும். நிஜ விடை அதுலதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் இத்தனை வருட வேலை அந்த நாலு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தட்டிலிருந்த அப்பளத்தை ஒடித்து எடுத்துக்கொண்டாள். "அண்ணா, நீ ரொம்பக் களைச்சுப் போயிட்டே. மூஞ்சியப் பாரு. அடுத்த தடவையோட விட்டுடு. அப்புறம் நான் கேள்வி போடறேன். செயலாளர்கிட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டாரு."

என் களைப்பைக் கவனித்த ஒரே ஆள் அவள்தான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. பாசத்தில் வந்த அழுகை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் சட்டையைக் கழற்றும்போதுதான் அது கோபம் என்று தெரிந்தது.

அவள் விழுந்த அந்தத் தோட்டத்தை முன்பே பார்த்து வேண்டாம் என்று தள்ளியிருந்தேன். ஒரு பழைய குடும்பத்தின் நிலவறை அங்கே இருக்கிறது, சவப்பெட்டிகளைத் தரைக்கு அடியில் வைக்கும் அறை. மேலே அந்தக் குடும்பத்தின் பெயர்க்கல். அதன் ஓரத்திலிருந்து கீழே கல்படிகள் செங்குத்தாக இறங்கும். கைப்பிடிக் கம்பியை யாரோ பழைய இரும்புக்குப் பெயர்த்துப் போய்விட்டார்கள். படியெல்லாம் பாசி, நடுவில் ஒன்று ஆடும். இந்த வருடம் அதைச் சேர்த்துக்கொண்டேன். வண்டி நிறுத்த நல்ல இடம்.

என்னை அஜாக்கிரதைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். கவருக்குள் எச்சரிக்கை எழுதியிருந்தேன். "படி இடிந்திருக்கிறது, இறங்க வேண்டாம், விடை மேலேயே இருக்கிறது" என்று என் கையெழுத்திலேயே இருக்கும். பிரித்துப் பாருங்கள். கவரைப் பிரிக்கிறவர்களுக்கு ஆபத்தில்லை. பிரிக்காதவர்களில் மற்ற யாரும் மேலே விடை கிடைத்த பிறகு கீழே இறங்க மாட்டார்கள். மனிதர்கள் பொதுவாகச் சோம்பேறிகள்.

போட்டிக்கு முந்தைய நாள் அவள் கடைக்கு வந்தாள். கிட்டத்தில் இருக்கும் எழுத்து கலங்குகிறது என்று ஒரு வாரம் முன்பு சோதித்துக்கொண்டு போயிருந்தாள். கண்ணாடி தயாராக இருந்தது. பைஃபோகல், மேல்பாதியில் தூரம் தெரியும், கீழ்ப்பாதி படிப்பதற்கு.

"கல்லுல எழுத்து இப்பப் பளிச்சுனு தெரியுமில்ல? நீ எவ்ளோ பொடி எழுத்து வச்சாலும் பிடிச்சிடுவேன், பாத்துக்கோ" என்று முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

இந்தக் கண்ணாடியைப் புதிதாகப் போடுகிறவர்களுக்குப் படி இறங்குவது சிரமம். காலைப் பார்க்கும்போது படிப்பதற்கான பகுதி வழியாகப் பார்த்துவிடுவார்கள். படி மங்கிவிடும், இருக்கிற இடத்தை விட்டு வேறு இடத்தில் இருப்பதுபோலத் தெரியும். முகவாயை நெஞ்சில் படும்படி குனிந்து பார்க்கச் சொல்லித்தர வேண்டும். என் கடையில் வாங்கிய ஒவ்வொருவரிடமும், "ஒரு வாரத்துக்குப் படியில பாத்து இறங்குங்க" என்று சொல்லியிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வாக்கியம் வரும்.

அவளிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் உங்களிடம் சொல்வதாக இருந்தேன். அந்தக் கண்ணாடியை வேறு கடையில் கொடுத்து அளந்து பாருங்கள். இரண்டு பாதிக்கும் நடுவே இருக்கும் கோடு, இருக்க வேண்டியதைவிட மேலே இருக்கும். கல்லைப் படிக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று வைத்தேன். அதுவும் உண்மைதான்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு தடவை அவள் தோற்க வேண்டும் என்பதுதான். கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டால்கூடப் போதும் என்று முதலில் எண்ணியிருந்தேன். பிறகு அந்தப் படியில் நானே இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். சுளுக்கோடு நிற்கிற படி இல்லை அது. தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போய் கேள்வியைத் தட்டச்சு செய்தேன்.

கேள்வி இதுதான்: மனைவிக்கு முன் பிறந்து அவளுக்குப் பின் இறந்தவர் என்ன தொழில் செய்தார்? பள்ளிக்கூடப் பிள்ளைகூட மேலே இருக்கும் கல்லைப் பார்த்துச் சொல்லிவிடும். கடிகாரம் பழுது பார்ப்பவர்.

மச்சான் உங்களிடம் சொன்னதையே என்னிடமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டு சொன்னார். அவள் கல்லைப் படித்துவிட்டு, காரில் இருந்த அவரைப் பார்த்துக் கத்தினாளாம். "கடிகாரக்காரர்னு போட்டிருக்குங்க. ஆனா இருங்க. அண்ணன் இவ்ளோ சுலபமா வைக்க மாட்டான். கீழ இன்னொரு கல்லு இருக்கும், பாத்துட்டு வந்துடறேன்." அவர் நேரமாகிறது என்று கத்தியது அதற்குத்தான். அதைத்தான் யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதை அவள் கேட்கவில்லை. என்னை நம்பி இறங்கினாள்.

கீழே கல் எதுவும் இல்லை, வெறும் சுவர்தான். முதல் கல்லில் இருந்ததே விடை. நான் போட்ட அத்தனை கேள்விகளிலும் அவள் கோட்டைவிட்டது அது ஒன்றுதான். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.