கர்னலுக்கு ஐரிஸ் சொன்ன பதில்

வெள்ளிமுடியை விருதெனச் சூடி இவ்விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பர்பேங்க் மகளிர் மன்றத் தலைவி ஹெட்டா அம்மையார் அவர்களே! எண்பதைக் கடந்தும் எவர் தோளையும் பற்றாமல் இப்படிகளில் ஏறிவந்த பெரியோர்களே! கணவரை அடக்கம் செய்து, கண்ணீரைத் துடைத்து, அடுத்த மாதமே கார் ஓட்டக் கற்றுக்கொண்ட தாய்மார்களே! முன்வரிசையில் மடிமேல் கைப்பையை வைத்துக்கொண்டு, 'இவன் என்ன உளறப் போகிறானோ' என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் விழா நாயகி, தொண்ணூறு வயது நடிகை வெல்டா கார்மைக்கேல் அவர்களே! அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

நான் மெர்வின் டகெட். நடிகன் அல்லன்; நகைச்சுவை எழுதியவனும் அல்லன். தொலைக்காட்சித் தொடர்களைப் படம்பிடிக்கும் அரங்கில், பார்க்க வந்த மக்கள் கொட்டாவி விடாமல் காப்பது என் வேலை. விளக்கை நகர்த்தும்போது, உடை மாற்றும்போது, மைக்கைப் பிடித்து எதையாவது பேசிச் சிரிக்கவைக்க வேண்டும். வாயால் பிழைத்தவன் நான். அந்த வாயால்தான் மாட்டிக்கொண்டும் நின்றேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. 'மஞ்சள் வீட்டு மங்கையர்' நினைவிருக்கிறதா? அங்கே ஓர் அம்மா கையைத் தூக்குகிறார், நன்றி! சான் டியேகோவில் ஒரு மஞ்சள் வீடு, அறுபதைத் தாண்டிய மூன்று பெண்கள், ஒரே குடித்தனம். அவர்கள் பேரப்பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை பின்னினார்களா? பிரார்த்தனைப் புத்தகத்தோடு முடங்கினார்களா? இல்லை அம்மா, இல்லை! காதலித்தார்கள்! உதட்டுச்சாயம் பூசி நடனத்துக்குப் போனார்கள். திரும்பிவந்து, மிச்சமிருந்த வறுத்த கோழியைப் பிய்த்துத் தின்றுகொண்டே, அன்றைய முத்தத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். நாடே நாணத்தோடும் நகைப்போடும் பார்த்தது.

அந்த மூவரில் ஒருத்தி ஐரிஸ், கணவரை இழந்தவள். ஐரிஸாக வாழ்ந்தவர் நம் வெல்டா. ஐரிஸுக்கு ஒரு காதலர்: ஓய்வுபெற்ற கர்னல், நல்ல மனிதர், நன்றாக ஆடுவார். நான்காம் ஆண்டில் மேலிடத்துக்கு ஓர் எண்ணம் வந்தது. ஐரிஸுக்குக் கல்யாணம் செய்துவைப்போம்; கர்னல் வீட்டுக்கு அனுப்புவோம்; இனிக் கதை கர்னலைச் சுற்றி நடக்கட்டும்!

வெல்டா இரண்டு முறை தயாரிப்பாளர் ஹெர்ப்பின் அறைக்குப் போய், ஐரிஸ் இதற்குச் சம்மதிக்கமாட்டாள் என்று வாதாடினார். நான் கதவருகே காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தேன். ஹெர்ப் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது.

"வசனத்தைச் சொல்லுங்க வெல்டா. இல்லேன்னா திங்கக்கிழமை வேற ஐரிஸ் வருவா."

அறுபத்தேழு வயது நடிகைக்கு அந்த வேலை போனால் அடுத்த வேலை எங்கே இருக்கிறது? உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அரங்கில் இருநூற்று நாற்பது பேர். கல்யாணம் கேட்கும் காட்சிக்கு முன் விளக்கொன்று பழுதாகிப் பத்து நிமிடம் தாமதம். என்னிடம் நகைச்சுவை தீர்ந்துவிட்டது. வரப்போகும் கதையை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். என் நாக்கில் சனி உட்கார்ந்தது! கர்னல் இப்போது கல்யாணம் கேட்கப்போகிறார், தனியாக வாழும் தாய்மார்களே, உங்களைக் கேட்டால் யாரெல்லாம் சம்மதிப்பீர்கள், கையைத் தூக்குங்கள் என்று கேட்டுவிட்டேன்.

எத்தனை கைகள் எழுந்தன? இரண்டு! அவற்றிலும் ஒன்று பாதியில் இறங்கிவிட்டது. சிரிக்காதீர்கள் ஐயா, அன்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போது நான்காம் வரிசையில், பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து தேவாலயத் தோழிகளோடு பேருந்தில் வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார்.

"கர்னல் நல்ல மனுசன்தான் தம்பி. எனக்கும் ஒருத்தர் இருக்கார். வியாழக்கிழமை சாப்பிட வருவார், பாட்டுப் போட்டு ஆடுவோம். அவர் மேல உசிரையே வெச்சிருக்கேன். ஆனா அவர் கெளம்பினப்புறம் கதவைச் சாத்தற கை என்னோடதா இருக்கணும். நாப்பத்தொரு வருசம் இன்னொருத்தர் சாத்தின கதவு அது."

ஒட்டுப்பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் தன் முறைக்காகக் காத்திருந்த வெல்டாவின் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

காட்சி தொடங்கியது. கர்னல் மண்டியிட்டார். கல்யாணம் கேட்டார். 'சரி' என்ற ஒற்றைச் சொல் வரவேண்டும். வெல்டா அவர் முகத்தை இரு கைகளாலும் ஏந்தி, நிதானமாக, ஆசையாக முத்தமிட்டார். பிறகு சொன்னார்.

"உங்க மேல எனக்குக் கொள்ளை ஆசை கர்னல். வியாழக்கிழமை சாப்பிட வாங்க. ஞாயித்துக்கிழமையும் வாங்க. ஆனா இந்த வீட்டுக் கதவை நான்தான் சாத்துவேன்."

அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது! ஒலிபெருக்கியில் ஹெர்ப்பின் குரல் அதை வெட்டியது. அவர் கீழே இறங்கிவந்து, மறுபடி எடுக்கப்போகிறோம், இம்முறை சரியென்று சொல்லவேண்டும், இல்லையேல் ஒப்பனையறையைக் காலி செய்துவிட்டுப் போகலாம் என்று வெல்டாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். என் பக்கம் திரும்பினார்: "மெர்வின், ஜனங்களைக் கைதட்டவை."

மறுபடி எடுக்கும்போது முதல்முறை பார்ப்பவர்கள்போல மக்கள் சிரித்துக்கொடுப்பதும் தட்டிக்கொடுப்பதும் எங்கள் அரங்கின் வழக்கம். நான் கைகளைத் தூக்கினால் தட்டுவார்கள். பதினொரு வருடத்தில் ஒருவரும் மறுத்ததில்லை.

கர்னல் மீண்டும் மண்டியிட்டார். வெல்டா 'சரி' என்றார். குறை சொல்ல முடியாத 'சரி'. தேர்ந்த நடிகை அல்லவா! 'கைதட்டவும்' என்ற பலகை சிவப்பாக எரிந்தது. நான் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கினேன்.

தட்டினார்களா? இல்லை! ஒரு கை, ஒரே ஒரு கை? அதுவும் இல்லை! நான்காம் வரிசை அம்மா தன் இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். பக்கத்துத் தோழி அப்படியே செய்தார். வரிசை வரிசையாக அது பரவியது. ஆண்களும்தான் ஐயா, ஆண்களும்தான்! ஹெர்ப் இன்னொரு முறை எடுத்தார். நான் இன்னொரு முறை தூக்கினேன். இருநூற்று நாற்பது பேர் தங்கள் கைகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாருமே தட்டாத ஒரு கல்யாணச் சம்மதத்தை நகைச்சுவைத் தொடரில் எப்படி ஒளிபரப்புவது?

ஹெர்ப் கெட்டவர் அல்லர். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நான்காம் வரிசைக்குப் போனார்.

"ஏம்மா, உங்களுக்குக் கல்யாணமே பிடிக்காதா?"

"பிடிச்சுது. ஒரு தடவை."

அன்றைய தினத்தின் பெரிய சிரிப்பு அதற்குத்தான் விழுந்தது. ஹெர்ப்பும் சிரித்துவிட்டார். முதலில் எடுத்ததையே போடச் சொன்னார். திங்கட்கிழமை அதே ஐரிஸ்தான் வந்தார். அடுத்த மூன்று ஆண்டுகள் கர்னலும் வியாழன் தவறாமல் வந்தார், ஆடினார், போனார்.

எண்ணிப் பார்க்கிறேன், இன்றும் மலைத்து நிற்கிறேன்! காதல் வேண்டும், கர்னலும் வேண்டும், ஆனால் என் கதவு என் கையில் வேண்டும் என்று சொல்ல எத்தனை வயது வேண்டியிருக்கிறது! அதைச் சொன்னவளைக் காப்பாற்ற ஆயுதமா வேண்டியிருந்தது? அடுப்பும் அழுகையும் அறிந்த கைகள் சும்மா இருந்தன, அவ்வளவுதான்.

ஆனால் அந்த அரங்கில் தலைக்குமேல் உயர்ந்த கைகள் இரண்டே இரண்டு. அவை என் கைகள். வெல்டா அம்மா, என் சம்பளத்துக்குப் பயந்து, உங்கள் பதிலைப் பறிக்க, ஒருமுறை அல்ல, இருமுறை தூக்கினேன். இருபத்துமூன்று வருடமாக உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத் துணிவில்லை. இன்று இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

என்ன சொல்கிறார்? சற்று உரக்க, அம்மா... "அப்பவே பார்த்தேன்டா. மன்னிச்சதாலதான் உன்னைப் பேசக் கூப்பிடச் சொன்னேன். உட்காரு" என்கிறார்.

உட்காருகிறேன் அம்மா. பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு என் நன்றி. தட்டவும் தெரிந்த, தட்டாமலிருக்கவும் தெரிந்த கைகளுக்கு என் வணக்கம்.