வராத எட்டுப் பேர்

நேசக்குமார் மனைவி ஜெயஷீலா, வயது 39, திரேஸ்புரத்தில் வாடகை வீட்டில் குடியிருந்து தையல் வேலை செய்பவளும், எங்கள் தெரு மகளிர் குழுவின் தலைவியுமாகிய நான், இன்று 17-ஆம் தேதி காவல் நிலையத்தில், எழுத்தர் எழுதி வைத்திருந்த தாளில் நான் சொல்லாதது இருந்ததால் அதில் கையெழுத்திடாமல், வேறு தாள் கேட்டு வாங்கி என் கைப்பட எழுதிக் கொடுப்பது:

என் கணவர் தோணியில் எஞ்சின் டிரைவர். மாசி மாதம் பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயம் ஏற்றித் தீவு நாட்டுக்குப் போன தோணி, நடுக்கடலில் எஞ்சின் நின்று, அந்நாட்டுக் கடற்படை தடைசெய்திருந்த பகுதிக்குள் ஒதுங்கிவிட்டது. மற்றவர்களை அனுப்பிவிட்டு, வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்தியதாக அவரை மட்டும் சிறையில் வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நான் பல அலுவலகங்கள் ஏறி இறங்கினேன். ஒரு அதிகாரி, "ரெண்டு அரசாங்கமும் இப்பதாம்மா பேச ஆரம்பிச்சிருக்கு. நீங்க சத்தம் போட்டுக் கெடுத்துறாதீங்க" என்றார். அதுவரை நான் சத்தம் போட்டதில்லை.

அதன் பிறகு குழுவில் பேசி, ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போனோம். மனுவை எழுதியது நான். எங்கள் குழுவில் வர முடியாதவர்கள் பெயரையும் தலைவியே எழுதிவிடுவது வழக்கம். விட்டுப்போனால் வருத்தப்படுவார்கள். அப்படிப் பத்தொன்பது பேரை எழுதினேன். போனது பதினொரு பேர். பக்கத்து வீட்டு முருகேஸ்வரி முந்தின நாளே பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். "யக்கா, எம்பேரையும் எழுதிருங்க, விட்டுறாதீங்க" என்று போனில் சொன்னாள். எழுதினேன்.

வாசலிலேயே போலீசார் எங்களை மறித்து, மனுவை வாங்கிக்கொண்டு, வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டார்கள். கையில் வைத்திருந்த என் கணவர் போட்டோ வேனுக்குள் மிதிபட்டுவிட்டது.

அதன் பிறகு, மனைவி 18-ஆம் தேதி நேரில் வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் விடுவதாக அந்நாட்டு நீதிமன்றம் சொன்னது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். என்மேல் வழக்கு இருப்பதாகச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். வழக்கின் நகலை வாங்கிப் பார்த்தேன். சாலை மறியல், கல்வீச்சு, பத்தொன்பது பேர். நான் மனுவில் எழுதிய அதே வரிசை. வராத எட்டுப் பேரும் அதில் இருந்தார்கள். கல் எறிந்ததாகப் போட்டிருந்த நேரத்தில் முருகேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

ஆஸ்பத்திரிச் சீட்டை 9-ஆம் தேதி ஆய்வாளரிடம் காட்டினேன். அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்ப ஆஸ்பத்திரில இருந்தே அவதான் தூண்டிவிட்டாள்னு எழுதிக் குடும்மா. உம்பேரை எடுத்துருதேன், பாஸ்போர்ட் தானா வந்துரும்" என்றார்.

அதன் பிறகு முருகேஸ்வரி வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "சொல்லிருங்கக்கா, அண்ணன் வந்தாப் போதும்" என்றாள். காப்பி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இன்று வரை நான் நிலையத்துக்கு வரவில்லை. எழுதிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

போன வாரம் சிறையிலிருந்து என் கணவரைப் போனில் மூன்று நிமிடம் பேச விட்டார்கள். "ஷீலா, பதினெட்டாந்தேதி வந்துருவல்லா?" என்று கேட்டார். வந்துருவேன் என்றேன். வர முடியாது என்று அப்போதே எனக்குத் தெரியும். இந்த வழக்கு சம்பந்தமாக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நாளைக் காலை பத்து மணிக்கு அந்த நீதிமன்றத்தில் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள்.

முருகேஸ்வரி யாரையும் தூண்டவில்லை. மனு எழுதியதும் பெயர்களை எழுதியதும் நான். யாரும் சொல்லித்தராமல், நடந்ததை நடந்தபடி எழுதி, ஒரு முறை வாசித்தும் பார்த்துவிட்டேன். கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. அதோடு சேர்த்து வேறு யார் பெயரையும் இந்தத் தடவை நான் எழுதவில்லை.

(ஒப்பம்)
நே. ஜெயஷீலா