இரண்டாவது சாட்சி

மழை விட்ட பிறகு நியாலாஸ் சாலையில் கார் ஓட்டுவது எனக்கு மிகவும் பிடிக்கும், நிவேந்திரன் சார். இருபுறமும் செம்பனை, எதிரே எப்போதாவது ஒரு லாரி. அந்தப் படிப்புப் பருவத்தில் மட்டும் பாயா ரும்புட் வீட்டிலிருந்து அம்மாவின் மைவி காரை எடுத்துக்கொண்டு ஐந்து முறை போனேன். நியாலாஸிலேயே பிறந்து வளர்ந்த நம் வகுப்பு ஷாந்தினி மூன்று முறைதான் ஊருக்குப் போனாள்.

எதையும் தொடக்கத்திலிருந்து சொல்வதுதான் முறை. வரலாற்று ஆய்வு முறைகள் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பு கொண்டுவரச் சொன்னீர்கள். மலாக்காவின் பழைய தேவாலயங்களைப் பற்றி எழுத, நாற்பது நூல்களின் பட்டியலோடு வந்தேன். நீங்கள் தலையசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டீர்கள். ஷாந்தினி ஒற்றைத் தாளோடு எழுந்தாள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவளுடைய கொள்ளுத்தாத்தா, பதினோரு பேர் காய்ச்சலில் செத்துப்போனதாகப் பதிவேட்டில் எழுதி அவர்களைக் காப்பாற்றினாராம். "இதுதாம்மா வரலாறு," என்றீர்கள். மூன்று ஆண்டுகளாக முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்த்து ஒருநாளும் நீங்கள் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

அவளிடம் இருந்தது தாத்தா சொன்ன கதை மட்டும்தான். குடும்பக் கதை போதாது, தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ளாத இரண்டு வெளியாட்கள் அதையே சொன்னால் நம்பத் தொடங்கலாம் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். அவளும் தேடி இரண்டு பேரைக் கண்டுபிடித்தாள். ஒருவர் நியாலாஸில் இருக்கும் பெரியநாயகிப் பாட்டி. இன்னொருவர் செங் என்ற ஊரில், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனோடு இருக்கும் இருதயம்மாள் பாட்டி. இருவரும் அந்தத் தோட்டத்தில் பிறந்து, தொண்ணூறைத் தொட்டவர்கள். ஒருவரையொருவர் கடைசியாகப் பார்த்து நாற்பது வருடமாகிறது. இருதயம்மாள் ஞாயிறு பூசைக்கு எங்கள் மாதா கோயிலுக்குத்தான் வருவார். இதையெல்லாம் ஷாந்தினி கேன்டீனில் என்னிடம் உட்கார்ந்து ஒப்பித்தாள். இடைப்பருவத் தேர்வு முடிந்த பிறகுதான் பேட்டி எடுக்கப்போவதாகவும் சொன்னாள். யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாத பெண்.

எனக்கு ஆறு வாரம் கிடைத்தது.

நான் எந்தப் பொய்யையும் சொல்லிக்கொடுக்கவில்லை, சார். கேள்விதான் கேட்டேன். "பாட்டி, அந்தக் கிராணி தனக்கு வேண்டியவங்கள மறைச்சிட்டு, வேண்டாதவங்க பேர அவரே ஜப்பான்காரன்கிட்ட எழுதிக் குடுத்தாராமே? செங்ல இருக்கிற இருதயம்மா பாட்டி சொன்னாங்க."

முதல் முறை பெரியநாயகிக்குக் கோபம் வந்தது. "அவளுக்கு என்னா தெரியும்? அந்த மனுசன் தெய்வம்லா," என்றார். இரண்டாம் முறை வெற்றிலையை மென்றபடி, இருதயம்மாள் வேறென்ன சொன்னாள் என்று கேட்டார். மூன்றாம் முறை நான் கேட்கவே இல்லை. "எங்க சித்தப்பா பேர ஏன் எழுதுனான்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி அழுவும்," என்று அவரே தொடங்கினார். அந்தச் சித்தப்பா சயாமிலிருந்து திரும்பவே இல்லை. எண்பது வருடத்துத் துக்கம், குற்றம் சொல்ல ஓர் ஆள் கிடைக்காமல் கிடந்திருக்கிறது. நான் ஆளைக் காட்டினேன். இருதயம்மாளைப் பூசை முடிந்து வீட்டில் விடும்போது, இதையே பெரியநாயகி சொன்னதாகச் சொன்னேன். அவருக்கு இரண்டு ஞாயிறு போதுமானதாக இருந்தது.

பிறகு ஷாந்தினி போய்ப் பதிவு செய்தாள். இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். என்னைப் பற்றி இருவருமே மூச்சுவிடவில்லை. கேட்ட கதை அதற்குள் கண்ட கதையாகிவிட்டிருந்தது.

அவள் அதை மறைப்பாள், அல்லது தலைப்பை மாற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, சொந்தக் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் கேட்டதைக் கேட்டபடி எழுதிக் கொடுத்தாள். அந்தப் பக்கத்தை நீங்கள் வகுப்பில் வாசித்தீர்கள். "சொந்த ரத்தத்துக்கு எதிரா எழுத நெஞ்சுரம் வேணும்," என்றீர்கள். பாடுபட்டது நான், பாராட்டு அவளுக்கு.

"தாத்தா காதுக்கு மட்டும் இது போயிடக் கூடாது, ஜோனி," என்று அன்று என்னிடம் சொன்னாள்.

நான்காம் முறை நியாலாஸுக்குப் போனது அதற்காகத்தான். பேத்தியின் தோழி என்றதும் தாத்தா எனக்கு மைலோ கலக்கச் சொன்னார். கட்டுரை மலாயில் இருந்ததால் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "இத எழுதுனது எங்க புள்ளையா?" என்றார்.

"ஆமா தாத்தா. ரொம்ப நல்லா எழுதியிருக்கா."

அவர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தன் அப்பாவின் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முதல் மரியாதை எப்போதும் அந்தக் குடும்பத்துக்குத்தான். அந்த வருடம் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று ஆள் அனுப்பிவிட்டார். சாப்பாடு குறைந்தது. ஷாந்தினி வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். இருபத்து மூன்றாம் நாள் இறந்தார். அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்தாம் முறை, துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். உறவினர் யாரும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். "நான் உண்மையத்தானே எழுதுனேன், ஜோனி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம் என்றேன். அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்லாமல் இருக்க முடியுமா? அடுத்த வாரமே அவள் படிப்பை நிறுத்திவிட்டாள்.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன். ஆனால் போன வெள்ளிக்கிழமை, அவள் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டுரை துறை இதழின் முதல் பக்கத்தில் வரும் என்று அறிவித்தீர்கள். எனக்கும் மனசாட்சி இருக்கிறது, சார். பாட்டிகள் இருவரிடமும் நான் பேசியதை என் போனில் பதிவு செய்திருக்கிறேன். ஐந்து பதிவுகளையும் இத்துடன் அனுப்புகிறேன். வரிசையாகக் கேளுங்கள். கிராணி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, அவர்களை அப்படிச் சொல்ல வைத்தவள் நான், அந்தக் கிழவரைக் கொன்றவளும் நான்தான் என்பது உங்களுக்கே விளங்கும். இவ்வளவு தெரிந்த பிறகு அந்தக் கட்டுரையை நீங்கள் வெளியிட மாட்டீர்கள். முதல் பக்கத்துக்கு என்ன செய்வது என்று கவலை வேண்டாம், சார். என்னுடையது தயாராக இருக்கிறது.