வலது பக்கத்து ஆல்டிமீட்டர்

இருந்தவர்கள்: வீட்டுக்காரன் ராமசுப்ரமணியன், கீழ் அபார்ட்மென்ட்டிலிருந்து போர்வையோடு ஏறி வந்த சுந்தர்சிங், அவன் மனைவி ரெபெக்கா, விமானம் ரத்தாகி சான் ஹோசே திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட அனுஷன், கதை சொன்ன கிறிஸ்டோ. டெக்சாஸில் இர்விங், 2000 டிசம்பர். பெய்த மழை கம்பிகளில் உறைந்து கரண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே மெழுகுவர்த்தி.

"என் ரூம்மேட்டோட அத்தை பையன் வாஞ்சிநாதன். அவனுக்கு நடந்தது," என்றான் கிறிஸ்டோ.

"எல்லாப் பேயும் அடுத்தவன் அத்தை பையனைத்தான் தேடிப் போகும்," என்றான் சுந்தர்சிங்.

"இஞ்ச வாறதுக்குப் பேய்க்கும் விசா வேணுமோ?" என்றான் அனுஷன்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. நீ சொல்லு கிறிஸ்டோ," என்றாள் ரெபெக்கா.

அவன் சொன்னது இது.

நான்கு வருடம் முன்பு. இரவு ஒரு மணி. விமான நிலையத்துக்குப் பின்னால் கிடங்குகளுக்கு நடுவே போகும் சாலை. ஒரு கார்கூட இல்லை... வாஞ்சி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிமுலேட்டர் கூடத்தில் இரவு டெக்னீஷியன். சிமுலேட்டர் என்றால் ஹைட்ராலிக் கால்கள் மேல் ஏறி இறங்கி ஆடும் ஒரு பெரிய பெட்டி. உள்ளே நிஜ காக்பிட். ஜன்னலில் பொய் வானம்.

வாஞ்சி கொதித்துப்போயிருந்தான். அவனோடு ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்த நாகரத்தினம் இரண்டு மாதம் முன்பு செத்துப்போயிருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன். சரக்கு விமானத்தில் கோ-பைலட். வடக்கே ஒரு புயல் இரவில் இறங்கும்போது விமானம் மலையில் மோதியது. கேப்டனும் போனான், இவனும் போனான். எரிக்க அதிகம் கிடைக்கவில்லை.

காரணம் ஆல்டிமீட்டர். உயரம் காட்டும் கருவி. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைச் சொல்லும். இறங்கும் ஊரின் அழுத்தத்தை ரேடியோவில் கேட்டு, குமிழைத் திருகி, அந்த எண்ணை வைக்க வேண்டும். இடது பக்கம் கேப்டனுக்கு ஒன்று, வலது பக்கம் கோ-பைலட்டுக்கு ஒன்று. பெரும்பாலும் இருபத்தொன்பது சொச்சம்தான் வரும். டெக்சாஸில் ஓட்டுகிறவன் கை அதற்கே பழகிப்போகும். பெரும்புயலில் மட்டும்தான் இருபத்தெட்டுக்கு இறங்கும். அன்று 28.84. மலையில் கிடைத்த இரண்டு கருவியிலும் 29.84 இருந்தது. ஒன்று கூடினால் கருவி ஆயிரம் அடி அதிகமாகக் காட்டும். அவர்கள் நினைத்த உயரத்துக்கு ஆயிரம் அடி கீழே விமானம் போய்க்கொண்டிருந்தது. அங்கே மலை.

ரேடியோவில் எண்ணைக் கேட்பது கோ-பைலட் வேலை. பழி நாகரத்தினம் தலையில் விழுந்தது.

பழியைப் போட்டவர் பிச்சுமணி. சென்னையிலிருந்து வந்த கேப்டன், கூடத்தின் தலைமைப் பயிற்சியாளர். நாகரத்தினத்துக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வீட்டுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து, பருப்பைப் பிசைந்துகொண்டே எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "நல்ல பையன். என்ன பண்றது, ஒரு நம்பர்கூட ஒழுங்கா வைக்கத் தெரியல." நாகரத்தினத்தின் மனைவி நிருஜா கையில் ரசத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவள் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து தினமும் வாஞ்சிக்கு போன். ஒரே கேள்வி. "அண்ணா, அவர் பிழை விட்டவரோ? நீங்கள் சொன்னால் நான் நம்புவன்."

வாஞ்சி பேச்சை மாற்றி போனை வைத்துவிடுவான். அதுதான் அவனை அரித்தது.

அன்று இரவு கூடத்தில் யாரும் இல்லை. பெட்டியின் கதவுக்குப் போகும் சிறு பாலத்தைக் கடந்து சிமுலேட்டருக்குள் போனான். வேலை முடிந்ததும் இரண்டு ஆல்டிமீட்டரையும் பொது அளவான 29.92-க்குத் திருப்பி வைத்துவிட்டுப் போவது வழக்கம். இடது பக்கம் 29.92. வலது பக்கம்... 28.84.

எவனோ விளையாடுகிறான் என்று திட்டிக்கொண்டே திருப்பி வைத்தான். மறுநாளும் 28.84. கருவியையே கழற்றி வேறு போட்டான். அடுத்த இரவு பாலத்தில் கால் வைக்கும்போதே உள்ளே சத்தம். டிக்... டிக்... டிக்... குமிழ் திரும்புகிறது. எட்டிப் பார்த்தான். ஆள் இல்லை. எப்போதும் ஹைட்ராலிக் எண்ணெய் நாறும் பெட்டியில் ஈரப் பனி வாடை, கருகிய ரப்பர் வாடை. வலது இருக்கையைத் தொட்டான்... ஐஸ்.

"அந்தப் பிச்சுமணிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் ரெபெக்கா.

"சொன்னான். சொல்லித்தான் மாட்டிக்கிட்டான்."

பிச்சுமணி அன்றைக்கே ராத்திரி வந்தார். "ஏண்டா, செத்தவனுக்காக நாடகம் போடறியா? உன் கிரீன் கார்டு யார் கையெழுத்துல நிக்குதுன்னு ஞாபகம் இருக்கா?"

"நான் தொடவே இல்ல சார்."

"அவன் மோதின ராத்திரியோட வெதரை லோடு பண்ணு. நானே இறக்கிக் காட்டறேன். ஒரு நம்பர் வைக்கறது என்ன பெரிய வித்தையா?"

இடது இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். வாஞ்சி பின்னால் இருந்த மேசையில் அந்தப் புயலை ஏற்றினான். பம்பு முனகியது. பெட்டி எழுந்தது. ஸ்பீக்கரில் குரல் அழுத்தத்தைப் படித்தது. இருபத்தெட்டு, எட்டு, நான்கு. தெளிவாகத்தான் படித்தது. பிச்சுமணி முழுக்கக் கேட்கவில்லை. கை தானாகப் போய்த் திருகியது. 29.84.

ஆளில்லாத வலது பக்கத்தில்... டிக்... டிக்... 28.84.

பிச்சுமணி பார்த்தார். இரண்டும் வேறு வேறு. ரேடியோவை இன்னொரு தரம் கேட்கவில்லை. தன்னுடையது சரியா என்று யோசிக்கவில்லை. எரிச்சலோடு எட்டி, வலது பக்கத்தைத் தன்னுடையதற்குச் சமமாகத் திருகினார்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும். லெஃப்ட்ல இருக்கறதுதான் கணக்கு. வேற மாதிரி இருந்தா உன்னுதை மாத்து. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

சொல்லிவிட்டு நின்றார். யாரிடம் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வாஞ்சிக்குப் புரிந்தது. நாகரத்தினம் சரியாகத்தான் வைத்திருக்கிறான். அந்த விமானத்துக் கேப்டன் தன் பக்கம் தப்பாக வைத்துவிட்டு முறைத்திருப்பான். இவன் வாயைத் திறக்காமல் மாற்றியிருப்பான்... இந்த மனுஷன் பழக்கிவிட்டபடியே. பழக்கிவிட்டு, செத்தவன் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டும் போயிருக்கிறார்.

டிக்... டிக்... மறுபடி 28.84. பிச்சுமணி மறுபடி திருகினார். இந்தத் தடவை குமிழ் அசையவில்லை. அவர் விரல் நுனி வெளுத்தது... மேலே இன்னொரு கை இறுக்கிப் பிடித்த மாதிரி. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"உங்க பக்கம்தான் சார் தப்பு!" வாஞ்சி கத்தினான். "அவன் ஒழுங்காத்தான் வெச்சான். சாப்பாட்டுல உட்கார்ந்து பேசினீங்களே, அவன் பொண்டாட்டி முன்னாடி... இப்ப அவளுக்கு போன் போட்டு இதைச் சொல்லுங்க!"

"வெளிய போடா! நாளையிலேர்ந்து உனக்கு இங்க வேலை இல்ல. நான் தனியா இறக்கிக்கறேன்."

வாஞ்சி பெட்டியைக் கீழே இறக்கினான். பாலம் வந்து பொருந்தியது. வேலை போனால் போகட்டும், விசா போனால் போகட்டும். நிருஜாவுக்குச் சொல்ல இப்போது பதில் இருந்தது. கடைசியாக ஒரு தரம் பார்த்தான். பிச்சுமணி பெல்ட்டோடு இடது இருக்கையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பாலத்தில் இறங்கினான். இரண்டடி வைத்திருப்பான். உள்ளே யாரோ எழுந்து நடக்கும் சத்தம்... ஈரக் கால்... சளக்... சளக்... கதவை நோக்கி வந்தது.

"வாஞ்சி..." பிச்சுமணியின் குரல். கதவருகில் இல்லை, தூரத்தில், முன் இருக்கையிலிருந்து. "டேய்... போகாதடா..."

அவன் திரும்புவதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ் விழுந்தது.